பிள்ளைகளும் இளைஞர்களும் வெளிநாடு கிளம்பும் முன்: பயண அனுமதிக்கான படிப்படியான வழிகாட்டி

பெரியவர் ஒருவர் வெளிநாடு போகப் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றும் இருந்தால் பெரும்பாலும் போதும். 18 வயது நிறையாத பிள்ளை போகும்போது கதை வேறு. இந்தப் பிள்ளை நாட்டை விட்டுப் போவது அதன் அம்மா அப்பா இருவருக்கும் தெரியுமா? சம்மதம்தானா? கூட வருகிறவர் யார்? அங்கே பொறுப்பேற்கப் போகிறவர் யார்? கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இந்தக் கேள்விகள் எழுந்தே தீரும். எழவும் வேண்டும். பிள்ளைக் கடத்தலும், பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதும் உலகம் முழுக்க நடக்கின்றன. பயண அனுமதி விதிகள் எல்லாமே இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கி வைக்கத்தான் வந்தன.

இதைப் புரிந்துகொண்டால் எந்தத் தாள் எதற்கு என்று தானாகவே விளங்கிவிடும். முதல்முறை அனுப்புகிறவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே வேலையைத் தொடங்குங்கள். குறைந்தது இரண்டு மாத அவகாசம் இருந்தால் அலைச்சல் இருக்காது.

முதல் படி: வயதைச் சரியாகக் கணக்கிடுங்கள்

பிள்ளையின் வயதை மூன்று நாட்களுக்குப் பாருங்கள்: விசாவுக்கு விண்ணப்பிக்கும் நாள், புறப்படும் நாள், திரும்பும் நாள். போகும்போது 11, திரும்பும்போது 12 என்று இருந்தால் விமான நிறுவனத்தின் விதி நடுவிலேயே மாறிவிடக்கூடும். போகும்போது 17, அங்கே இருக்கும்போது 18 என்றால் விசாவின் நிபந்தனைகள் மாறலாம்.

எல்லா நாட்டிலும் 18 தான் எல்லை என்றும் நினைக்க வேண்டாம். கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் 18 நிறைந்தால் மேஜர். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 19 நிறைய வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுக்க 16 வயதுக்குக் கீழ் இருந்தால் தாய் தந்தை இருவர் சம்மதமும் தேவை. பிலிப்பைன்ஸுக்குப் பெற்றோர் இல்லாமல் வரும் வெளிநாட்டுப் பிள்ளைக்கு 15 வயது நிறையவில்லை என்றால் தனியாக ஒரு விலக்கு அனுமதி வாங்க வேண்டும். சவுதி அரேபியக் குடிமக்கள் காப்பாளர் அனுமதியின்றித் தாங்களே பாஸ்போர்ட் எடுத்துப் பயணிக்க 21 வயது ஆக வேண்டும். பெண்களுக்கும் அந்த உரிமை 2019ல்தான் கிடைத்தது. ஆகவே ‘மைனர்’ என்று பொதுவாகக் கேட்காமல், பிள்ளையின் பிறந்த தேதியைச் சொல்லியே விசாரியுங்கள்.

இரண்டாம் படி: யார் யார் கேட்பார்கள் என்று பட்டியல் போடுங்கள்

பெரும்பாலானவர்கள் போகும் நாட்டின் தூதரகத்தை மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கே வருவதில்லை. புறப்படும் விமான நிலையத்திலேயே வந்துவிடுகிறது. உண்மையில் கேள்வி கேட்கும் இடங்கள் நான்கு: நீங்கள் கிளம்பும் நாடு, விமான நிறுவனம், நடுவில் இறங்கி மாறும் நாடு, போய்ச் சேரும் நாடு. நான்கையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும். இதில் பிள்ளையின் குடியுரிமை ஒன்றாகவும் வசிக்கும் நாடு வேறாகவும் இருந்தால் இரண்டு நாட்டு விதிகளும் பிள்ளையைக் கட்டுப்படுத்தக்கூடும்.

கிளம்பும் நாட்டிலேயே கண்டிப்பு இருப்பதற்குச் சில உதாரணங்கள். பிரான்சில் வசிக்கும் மைனர், தாயோ தந்தையோ உடன் வராமல் நாட்டைவிட்டுப் போவதென்றால் ஓர் அனுமதிப் படிவம் கட்டாயம். 2017 ஜனவரி 15 முதல் இது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பெற்றோர் உரிமை உள்ள ஒருவர் படிவத்தில் கையெழுத்திட்டு, தன் அடையாள அட்டையின் நகலையும் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். நகராட்சி அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. படிவத்தைத் தரவிறக்கி வீட்டிலேயே நிரப்பலாம். பள்ளிச் சுற்றுலாவுக்கும் இதே விதிதான். பிரான்சில் இருக்கும் நம் பிள்ளைகள் சித்தப்பாவோடோ பாட்டியோடோ விடுமுறைக்குப் போகும்போது அடிக்கடி மறந்துபோகும் தாள் இது.

பிலிப்பைன்ஸ் குடியுரிமை உள்ள பிள்ளை தனியாகவோ பெற்றோர் அல்லாதவரோடோ வெளிநாடு போனால், அந்நாட்டின் சமூக நலத்துறையிடம் பயண அனுமதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஓராண்டுக்கு 300 பெசோ, இரண்டாண்டுக்கு 600 பெசோ கட்டணம். பிரேசில் இன்னும் கண்டிப்பு: பிரேசில் பிள்ளை தாயோடு மட்டும் போனாலும் தந்தையின் எழுத்துச் சம்மதம் வேண்டும், தந்தையோடு போனால் தாயுடையது. கனடாவில் சம்மதக் கடிதம் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் எடுத்துச் செல்லுங்கள் என்று அந்நாட்டு அரசே வலியுறுத்துகிறது.

போய்ச் சேரும் நாட்டின் விதி மாறிக்கொண்டே இருக்கலாம். தென்னாப்பிரிக்கா 2015 ஜூன் முதல் பெற்றோர் பெயருள்ள முழுப் பிறப்புச் சான்றிதழையும் சம்மதக் கடிதத்தையும் கட்டாயமாகக் கேட்டது. பெற்றோரோடு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு 2019 இறுதியில் தளர்த்தியது. தனியாக வரும் பிள்ளைகளிடம் இன்னும் கேட்கிறது. நான்கு வருடத்துக்கு முன் போய்வந்த உறவினர் சொன்னதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அவர் சொன்னது அன்றைக்குச் சரியாக இருந்திருக்கும்.

விமான நிறுவனத்தின் செக்-இன் ஊழியர் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறார் என்று சிலர் கோபப்படுவார்கள். தகுந்த தாள் இல்லாத பயணியைக் கொண்டுபோய் இறக்கினால் பல நாடுகளில் நிறுவனத்துக்கு அபராதம். பயணியைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பும் அவர்களுடையதுதான். அதனால் ‘டிமாடிக்’ என்ற விதித் தொகுப்பைத் திரையில் பார்த்துத்தான் முடிவு சொல்கிறார்கள். பயணச்சீட்டு வாங்கும்போதே, “என் பிள்ளைக்கு இத்தனை வயது, இன்னார் கூட வருகிறார், டிமாடிக்கில் என்ன போட்டிருக்கிறது?” என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: பாஸ்போர்ட், விசா

இந்தியாவில் மைனர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்கோ 18 வயது நிறையும் வரைக்கோ, எது முந்தியோ அதுவரை செல்லும். 15 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள் விரும்பினால் 10 ஆண்டுப் பாஸ்போர்ட்டே எடுக்கலாம். பெற்றோர் இருவரும் ‘அனெக்ஷர் டி’ உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். ஒருவருடைய சம்மதம் கிடைக்காத நிலையில் ‘அனெக்ஷர் சி’. ஜெர்மனியில் 12 வயதுக்குட்பட்டோருக்குத் தந்துவந்த குழந்தைப் பாஸ்போர்ட் 2024 ஜனவரி 1 முதல் புதிதாகத் தரப்படுவதில்லை. வழக்கமான பாஸ்போர்ட்தான் எடுக்க வேண்டும், அதற்கு நாள் அதிகமாகும்.

பல நாடுகள் பாஸ்போர்ட் இன்னும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. பிள்ளைகளின் பாஸ்போர்ட் குறுகிய காலத்துக்கே தரப்படுவதால் இந்த விதியில் அவர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படத்தோடு நாலு வயதுப் பிள்ளை கவுன்ட்டரில் நின்றால் அதிகாரி தயங்குவது இயல்பு. பிறப்புச் சான்றிதழ் கையோடு இருக்கட்டும்.

விசாவில் கவனிக்க வேண்டிய ஓர் இடம். பிரிட்டன் பார்வையாளர் விசாவில் பிள்ளை ‘துணையோடு’ வருகிறதா, ‘தனியாக’ வருகிறதா என்று குறிப்பிடுவார்கள். துணையோடு என்றால் அந்தப் பெரியவரின் பாஸ்போர்ட் எண் விசாவிலேயே பதிவாகும். அப்பா பெயரைப் போட்டு விசா வாங்கிவிட்டு, கடைசி நேரத்தில் அவருக்கு விடுப்பு கிடைக்காமல் மாமாவோடு அனுப்பினால் பிள்ளையை உள்ளே விட மறுக்கலாம். கூட வருபவர் யார் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே முடிவு செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் இரண்டு பெரியவர்களின் பெயரைக் கொடுக்க அங்கே இடமுண்டு. ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்குச் செல்லும் ஒரே விசா) விண்ணப்பத்தில் மைனருக்காகப் பெற்றோர் உரிமை உள்ளவர் கையெழுத்திட வேண்டும். 6 வயதுக்குட்பட்டோருக்கு விசாக் கட்டணம் இல்லை. 6 முதல் 11 வரை 45 யூரோ.

நான்காம் படி: சம்மதக் கடிதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். கட்டாயம் இல்லாத நாட்டிலும் இந்தக் கடிதம் பயன்படும். அதிகாரிக்குச் சந்தேகம் வரும்போது அவர் தேடுவது இதைத்தான்.

கடிதம் அழகாக இருக்க வேண்டியதில்லை; அதிகாரி போன் எடுத்து உடனே சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். ஒரு பக்கத்துக்குள் அடங்கினால் நல்லது. பெரும்பாலும் ஆங்கிலத்திலும், தேவைப்பட்டால் போகும் நாட்டு மொழியிலும் எழுதுங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கட்டும்:

“கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள், இந்தப் பிள்ளையின் சட்டபூர்வமான தாயும் தந்தையும். எங்கள் மகள் (முழுப்பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், பாஸ்போர்ட் எண்) தன் தாய்மாமன் (முழுப்பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண்) உடன் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன நாட்டுக்குப் பயணம் செய்யச் சம்மதிக்கிறோம். அங்கே தங்கும் முகவரி, அந்த வீட்டாரின் பெயர், தொலைபேசி எண் இவை. அவசர மருத்துவம் தேவைப்பட்டால் முடிவெடுக்க மேற்படி தாய்மாமனுக்கு அதிகாரம் அளிக்கிறோம். எங்களை இந்த எண்களில் எந்நேரமும் அழைக்கலாம்.”

அடியில் இருவரின் கையெழுத்து, தேதி, இடம், சாட்சி அல்லது நோட்டரியின் முத்திரை. இருவரின் பாஸ்போர்ட் நகலையும் பின்னால் இணைத்துவிடுங்கள். கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

பெயர்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்துக்கூட்டில் அப்படியே இருக்கட்டும். வீட்டில் கூப்பிடும் பெயரோ இனிஷியலோ கலந்தால் குழப்பம். இரண்டு பிள்ளைகள் போனால் இரண்டு கடிதம். திரும்பும்போது ஒருவர் முன்னே ஒருவர் பின்னே வர நேரிட்டால் ஒரே கடிதத்தைப் பிய்த்துக் கொடுக்க முடியாது. திரும்பும் தேதியோடு ஒரு வாரம் கூட்டிப் போடுங்கள். விமானம் ரத்தானால் கடிதம் காலாவதியாகி நிற்கக்கூடாது. கொடுத்திருக்கும் தொலைபேசி எண், பிள்ளை தரையிறங்கும் நேரத்தில் உங்கள் கையில் சார்ஜோடு இருக்கட்டும். உங்களுக்கு அது நள்ளிரவாக இருக்கலாம், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வரலாம். எடுங்கள்.

பெயர் பொருத்தம் பற்றி நம் குடும்பங்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் பெயருக்குப் பின்னால் தந்தையின் பெயர் இருக்கும். தாயின் பாஸ்போர்ட்டில் அவருடைய தந்தையின் பெயர் இருக்கும். அம்மாவும் பிள்ளையும் மட்டும் போகும்போது இருவரின் கடைசிப் பெயரும் ஒட்டாது. குடும்பப் பெயரை வைத்துப் பழகிய அதிகாரிக்கு இவர்கள் அம்மா பிள்ளைதானா என்று கேள்வி வரும். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை. தாயின் பெயர் தெளிவாக உள்ள பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் இருந்தால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நோட்டரியா, அப்போஸ்டிலா?

நோட்டரி சான்றொப்பம், ‘இந்தக் கையெழுத்தைப் போட்டவர் இவர்தான்’ என்பதற்குச் சாட்சி. கடிதத்தை முன்கூட்டியே கையெழுத்திட்டு எடுத்துப் போகாதீர்கள். நோட்டரி முன்னால்தான் போட வேண்டும். பெற்றோர் இருவரும் வெவ்வேறு நாட்டில் இருந்தால் ஆளுக்கொரு கடிதமாக அவரவர் இடத்தில் செய்யலாம். வேறு நாட்டில் இருப்பவர் தம் தூதரகத்திலும் சான்றொப்பம் வாங்கலாம்.

சில நாடுகளுக்கு நோட்டரி மட்டும் போதாது. அந்த நோட்டரியின் முத்திரை உண்மையானது என்று அரசு சான்றளிக்க வேண்டும். 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே அதற்குப் பெயர் அப்போஸ்டில். இந்தியாவில் இந்த உடன்படிக்கை 2005 முதல் நடைமுறையில் உள்ளது. சிங்கப்பூரில் 2021 முதல், சீனாவில் 2023 நவம்பர் முதல், கனடாவில் 2024 ஜனவரி முதல். இதில் சேராத நாட்டுக்கு அந்நாட்டுத் தூதரகத்தின் முத்திரை கேட்பார்கள். சாதாரண விடுமுறைப் பயணத்துக்கு இவ்வளவு தூரம் போகத் தேவையிருக்காது. நீண்ட நாள் தங்கல், படிப்பு, காப்பாளரை நியமித்தல் போன்றவற்றுக்குக் கேட்பார்கள். கேட்ட பிறகு செய்யத் தொடங்கினால் வாரக்கணக்கில் இழுக்கும்.

ஆறாம் படி: ஒரே பெற்றோர், பிரிந்த பெற்றோர்

இங்கேதான் நிதானம் மிக மிகத் தேவை. மற்றவர் உயிருடன் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழின் நகல். பிள்ளையின் முழுப் பொறுப்பும் உங்களுடையது என்றால் நீதிமன்ற உத்தரவின் சான்றளித்த நகல். பிறப்புச் சான்றிதழில் ஒரே பெற்றோரின் பெயர்தான் இருக்கிறது என்றால் அதுவே ஆதாரம்.

விவாகரத்து ஆகி, பிள்ளை உங்களோடு வளர்ந்தாலும் வெளிநாடு கூட்டிப்போகும் உரிமை தானாக வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உத்தரவை எடுத்து வாசித்துப் பாருங்கள். ‘நீதிமன்ற அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது’ என்ற வரி அதில் இருக்கலாம். இங்கிலாந்தில் பெற்றோர் பொறுப்பு உள்ள எல்லோரின் சம்மதமும் இல்லாமல் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையை வெளிநாடு கொண்டுபோவது 1984 சட்டப்படி பிள்ளைக் கடத்தல் குற்றம். பிள்ளை உங்களோடு வசிக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் 28 நாள் வரை கூட்டிப்போகலாம், வேறு தடை உத்தரவு இல்லாத பட்சத்தில்.

பிள்ளையைக் கொண்டுபோனவர் திரும்பவில்லை என்றால் என்ன ஆகும்? பிள்ளைக் கடத்தல் பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கையில் (முன்பு சொன்ன 1961 உடன்படிக்கை வேறு) இருக்கும் நாடுகளுக்கு இடையே, 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கோரும் வழி இருக்கிறது. பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், சிங்கப்பூர், இலங்கை ஆகியவை அதில் உள்ளன. இந்தியா இல்லை. அதனால் வெளிநாட்டு நீதிமன்றங்கள், இந்தியாவுக்கு விடுமுறைக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்கும் பெற்றோரிடம் கூடுதல் உறுதிகளைக் கேட்பதுண்டு. திரும்பும் டிக்கெட், பிணைத்தொகை, உறுதிமொழிப் பத்திரம் என்று கேட்டால் மனம் நோகாதீர்கள். கொடுத்துவிடுவது அனுமதியை விரைவாக்கும்.

மற்றவர் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார் என்ற பயம் உங்களுக்கே இருந்தால், பயணத் தேதி வரை காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் பிள்ளையின் பெயரைப் பாஸ்போர்ட் எச்சரிக்கைத் திட்டத்தில் பதிந்தால், யாராவது அந்தப் பிள்ளைக்குப் பாஸ்போர்ட் கேட்கும்போது உங்களுக்குத் தகவல் வரும். பிரிட்டனில் ஆபத்து உடனடி என்றால் காவல்துறை மூலம் விமான நிலையங்களுக்கு எச்சரிக்கை போகும். எங்கிருந்தாலும் குடும்ப வழக்கறிஞரை அன்றே பார்ப்பதுதான் சரி.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். முன்னாள் கணவன் மனைவி கசப்பில் சம்மதக் கடிதத்தை இழுத்தடிப்பதால், தாத்தாவின் கடைசி நாட்களைப் பார்க்க முடியாமல் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பயண நாள், தங்குமிடம், தினமும் எந்த நேரத்தில் வீடியோவில் பேசுவது என்று எழுதிக் கேட்டால் பலர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். காரணமின்றி மறுத்தால் நீதிமன்றத்தில் அனுமதி கேட்கலாம். அதற்கும் வாரங்கள் ஆகும் என்பதால் முன்கூட்டியே தொடங்குங்கள்.

ஏழாம் படி: பிள்ளை தனியாகப் பறந்தால்

பல விமான நிறுவனங்கள் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளைத் தனியாக ஏற்ற, ‘துணையில்லாப் பிள்ளை’ சேவையைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. 12க்கு மேல் விருப்பப்பட்டால் எடுக்கலாம். 5 வயதுக்குக் கீழ் தனியாக அனுப்ப முடியாது. சில குறைந்த கட்டண நிறுவனங்களில் இந்தச் சேவையே இல்லை. ரயன்ஏர், ஈஸிஜெட் இரண்டும் 16 வயதுக்குட்பட்டோரைத் தனியாக ஏற்றுவதில்லை. இணையத்தில் டிக்கெட் வாங்கும் முன் நிறுவனத்தை அழைத்துப் பேசுங்கள். இந்தச் சேவைக்கு இடம் குறைவு, கட்டணம் தனி.

முடிந்தால் நேரடி விமானமாக இருக்கட்டும். நடுவில் இரவு தங்க வேண்டிய இணைப்பைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். படிவத்தில் விமான நிலையத்தில் கொண்டுவந்து விடுபவர், அங்கே வந்து அழைத்துக்கொள்பவர் இருவரின் பெயரும் அடையாள எண்ணும் கேட்பார்கள். அங்கே பெயர் எழுதப்பட்டவரேதான் அடையாள அட்டையோடு வர வேண்டும். சித்தி வரமுடியாமல் சித்தப்பா வந்தால் பிள்ளையை ஒப்படைக்கமாட்டார்கள். மாற்றம் வந்தால் உடனே நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். விமானம் மேலே கிளம்பும் வரை நீங்கள் விமான நிலையத்தை விட்டு நகரக் கூடாது. ஓடுபாதையிலிருந்து திரும்பி வந்த விமானங்களும் உண்டு.

எட்டாம் படி: 17 வயதில் படிக்கப் போகிறவர்கள்

பள்ளி முடித்த கையோடு பல்கலைக்கழகம் போகிற பலருக்கு 18 நிறைந்திருக்காது. வளர்ந்த பிள்ளைதானே என்று விட்டுவிடுவோம், சட்டம் விடுவதில்லை.

பிரிட்டன் மாணவர் விசாவுக்கு 16, 17 வயதுள்ளவர்கள் பெற்றோரின் சம்மதக் கடிதம் தர வேண்டும். விசா விண்ணப்பம், பயணம், அங்கே வரவேற்பும் தங்கலும் ஆகிய எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று அதில் தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். பொதுவாக ‘படிக்கச் சம்மதிக்கிறோம்’ என்று மட்டும் எழுதினால் நிராகரிக்கப்படலாம்.

கனடாவில் 17 வயது நிறையாத மாணவருக்கு அங்கே வசிக்கும் காப்பாளர் ஒருவர் கட்டாயம். காப்பாளர் கனடாவில் ஒரு நோட்டரி முன்னும், பெற்றோர் தங்கள் நாட்டில் ஒரு நோட்டரி முன்னும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 17 நிறைந்து இன்னும் மேஜர் ஆகாதவர்களிடம் கேட்பதா வேண்டாமா என்பதை அதிகாரி முடிவு செய்வார். காப்பாளராகப் பெயர் கொடுக்கும் உறவினரிடம் அது வெறும் கையெழுத்து அல்ல, பிள்ளைக்கு உடம்புக்கு வந்தால் ஓட வேண்டிய பொறுப்பு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் 18 நிறையாத மாணவருக்குத் தங்குமிடம், பராமரிப்பு ஏற்பாடு பற்றிய உறுதிக் கடிதத்தைக் கல்வி நிறுவனம் கொடுக்கலாம். அதில் போட்டிருக்கும் தொடக்கத் தேதிக்கு முன்னால் அந்நாட்டுக்குள் நுழையக் கூடாது. மலிவாகக் கிடைத்தது என்று நாலு நாள் முன்னதாக டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

ஒன்பதாம் படி: 18 தாண்டிய இளைஞர்கள்

பெற்றோர் சம்மதம் முடிந்துபோனாலும் அனுமதிகள் முடிவதில்லை. வேறு வகை அனுமதிகள் தொடங்குகின்றன. இதில் பல ஆண்பிள்ளைகளின் ராணுவக் கடமையோடு தொடர்புடையவை; சில 18க்கு முன்பே தொடங்கிவிடும். சிங்கப்பூரில் குடிமகனாகவோ தேசிய சேவைக் கடமை உள்ள நிரந்தரவாசியாகவோ இருக்கும் ஆண்பிள்ளை, 13 வயது நிறைந்த பிறகு 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருப்பதென்றால் ‘எக்ஸிட் பெர்மிட்’ வாங்க வேண்டும். வயதையும் காலத்தையும் பொறுத்துப் பிணைத்தொகையும் உண்டு. வாங்காமல் தங்கினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். படிக்கப் போன இடத்தில் அப்பா வேலை மாறி, குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது என்ற காரணம் செல்லாது. தென் கொரியாவில் ராணுவ சேவை முடிக்காத ஆண்கள் 25 வயதிலிருந்து வெளிநாடு போக முன் அனுமதி வாங்க வேண்டும்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது இசிஆர் முத்திரை, அதாவது வேலைக்கு வெளிநாடு போகும் முன் அரசின் சரிபார்ப்பு தேவை என்ற குறிப்பு. 18 வயதுக்குள் இருக்கும்வரை இது இல்லை. 18 நிறைந்து புதுப் பாஸ்போர்ட் எடுக்கும்போது பத்தாம் வகுப்புத் தேர்ச்சிச் சான்றிதழ் காட்டாவிட்டால் பாஸ்போர்ட் இசிஆர் பிரிவில் வந்துவிடும். அப்படிப்பட்டவர் வேலைக்காக 18 நாடுகளுக்குப் போகும்போது, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி எமிகிரேஷன் கிளியரன்ஸ் என்ற அரசு அனுமதி வாங்க வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து எல்லாம் இதில் அடக்கம். விண்ணப்பம் இந்திய அரசின் ‘இ-மைக்ரேட்’ இணையதளத்தில். வேலை ஒப்பந்தம், விசா, ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு ஆகியவை வேண்டும். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும் காப்பீடு இது. இசிஆர் பாஸ்போர்ட்டோடு இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகும் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் உண்டு. சுற்றிப்பார்க்கப் போகிறவர்களுக்குக் கிளியரன்ஸ் தேவையில்லை.

இந்தக் கடைசி வரியைத்தான் போலி ஏஜென்ட்கள் பிடித்துக்கொள்கிறார்கள். “விசிட் விசாவில் போய் இறங்கு தம்பி, அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்” என்று சொல்பவரை நம்பாதீர்கள். அப்படிப் போனவரின் ஒப்பந்தம் அரசுப் பதிவில் இருக்காது. சம்பளம் தராவிட்டாலும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலும் ஏஜென்ட்டைப் பிடிக்க வழி மெலிந்துவிடும். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைத்து, மியான்மர் எல்லையில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்ட நம் இளைஞர்களை அரசு மீட்டுவர வேண்டியிருந்தது. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருக்கும் பிள்ளைகள், 20 வயது நிறைந்த பின் புதுப் பாஸ்போர்ட் எடுத்தால் அட்டையை ஒருமுறை மாற்றிக்கொள்ள வேண்டும். கல்யாணத்துக்கு என்று அவசரமாகக் கிளம்பும் 21 வயதுக்காரர்கள் மறக்கிற விஷயம் இது.

பத்தாம் படி: கிளம்பும் நாள்

ஒரு தெளிவான பிளாஸ்டிக் கோப்பில் இந்த வரிசையில் வையுங்கள்: பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பாஸ்போர்ட் நகல், நீதிமன்ற உத்தரவோ இறப்புச் சான்றிதழோ இருந்தால் அது, திரும்பும் டிக்கெட், தங்கும் முகவரி. எல்லாமே கைப்பையில். பெட்டிக்குள் போட்டுச் செக்-இன் செய்துவிட்டால் கவுன்ட்டரில் நிற்கும்போது அது கிடைக்காது. ஒரு நகல் உங்கள் போனிலும், இன்னொன்று அழைத்துக்கொள்பவரின் போனிலும் இருக்கட்டும்.

இமிக்ரேஷன் அதிகாரி பெரியவரை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் நேராகப் பேசுவார். “உன் பேர் என்ன? இவங்க யாரு? எங்கே போறே? எப்போ திரும்பி வருவே?” அப்போது பெரியவர்கள் குறுக்கே புகுந்து பதில் சொல்லக் கூடாது. சொன்னால் சந்தேகம்தான் வளரும். பிள்ளைக்குப் பதில்களை மனப்பாடம் செய்விக்கவும் வேண்டாம். ஒப்பிக்கிற பிள்ளையை அதிகாரிக்குத் தெரியும். யாரோடு, எங்கே, எத்தனை நாள் போகிறோம் என்று வீட்டில் உண்மையாகப் பேசி வைத்திருந்தால் போதும். பயத்தில் பிள்ளை பேசாமல் நின்றாலும் பரவாயில்லை. அதிகாரிகள் அதற்கும் பழகியவர்கள். கடிதத்தை நீட்டி, “அம்மா அப்பா எண் இதில் இருக்கிறது, கூப்பிட்டுப் பாருங்கள்” என்று சொன்னால் பெரும்பாலும் அதோடு முடியும்.

தனியாகப் போகும் 15, 16 வயதுப் பிள்ளையிடம் ஒன்றைச் சொல்லி அனுப்புங்கள்: யாராவது பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டாலோ, வேறு இடத்துக்கு வா என்று கூப்பிட்டாலோ, சீருடையில் இருக்கும் ஊழியரிடம் உடனே போ. அதற்காக யாரும் உன்னைத் திட்டமாட்டார்கள்.

திரும்பி வரும்போது

போன நாட்டிலிருந்து வெளியே வரும்போதும் இதே கேள்விகள் எழலாம். அதனால் சம்மதக் கடிதத்தின் அசலை அங்கே யாரிடமும் விட்டுவிடக் கூடாது. பள்ளியோ மருத்துவமனையோ கேட்டால் நகல் கொடுங்கள். பிள்ளை போனது ஒருவரோடு, திரும்புவது வேறொருவரோடு என்றால் இரண்டாவது கடிதம் வேண்டும். அதையும் புறப்படும் முன்பே எழுதி, நோட்டரி வாங்கி, அதே கோப்பில் வைத்துவிடுங்கள். தங்கும் நாட்கள் நீண்டுபோனால் புதுத் தேதிகளோடு புதுக் கடிதம் அனுப்புங்கள். பழையதில் தேதியை அடித்துத் திருத்தினால் செல்லாது. பிள்ளைக்கு இரண்டு குடியுரிமை இருந்தால், எந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டி எந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும் என்று கோப்பின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். அமெரிக்கக் குடியுரிமை உள்ள பிள்ளை அமெரிக்காவுக்குள் போகவும் வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் செல்லும். கைக்குழந்தையாக இருந்தாலும் அதே விதி.